கணவன் மடலும் மனைவி மடலும்
அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால மடல்களைப் படிக்கும் முறை

மடல் என்பது உரையாடலின் பாதி. எழுதியவர் ஒருவர், அதற்கு முன்னோ பின்னோ எழுதியவர் மற்றொருவர். இருவர் மடல்களும் ஒருங்கே கிடைத்தால்தான் உரையாடல் முழுமை பெறும். ஆனால் காலம் நமக்கு விட்டுவைத்திருப்பவை பெரும்பாலும் பாதிகளே. பாசறையிலிருந்து கணவன் மனைவிக்கு எழுதிய மடல்களைப் படிப்போர் இதனை மறத்தலாகாது. கிடைத்த பாதியின் அழகில் மயங்கி, கிடைக்காத பாதியை இல்லை என்றே கருதிவிடுவது எளிது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால மடல்கள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்கலாம்.

1861 ஏப்ரலில் தொடங்கிய அப்போர் 1865இல் முடிந்தது. அடிமை முறையைக் காத்துக்கொள்ள விரும்பிய தென் மாநிலங்கள் 11, ஐக்கிய நாடுகளினின்றும் பிரிந்து தனிக் கூட்டரசு அமைத்தன. பிரிவினையை ஏற்க மறுத்த ஆபிரகாம் லிங்கனின் அரசு படை திரட்டியது. இருதரப்பிலும் மாண்ட வீரர் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு. அண்மைக் காலத்து ஆய்வுகள் அதனினும் மிகுதி என்று காட்டியுள்ளன. களத்தில் பட்டு இறந்தோரைவிட நோயால் இறந்தோரே மிகுதி.

மடல்கள் பெருகிய காரணம்

இப்போரில் எழுதப்பட்ட மடல்கள் எண்ணிலடங்கா. வரலாற்றறிஞர் ஜேம்ஸ் மெக்பெர்சன், வீரர்கள் போரிட்ட காரணத்தை ஆராய்ந்து 1997இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் படித்த மடல்கள் மட்டும் ஏறத்தாழ 25,000. இத்தனை மடல்கள் எழுதப்படவும், எழுதியவை எஞ்சவும் காரணங்கள் உண்டு.

முதலாவது, எழுத்தறிவு. வட படையின் வெள்ளையர் வீரருள் 100க்கு 90 பேருக்கு மேலும், தென் படையில் 100க்கு 80 பேருக்கு மேலும் எழுதப் படிக்க அறிந்தவர். அதற்கு முன் நடந்த பெரும் போர்கள் எவற்றிலும் சாதாரணச் சிப்பாய்கள் இந்த அளவுக்கு எழுத்தறிந்தவராய் இருந்ததில்லை.

இரண்டாவது, தபால் ஏற்பாடு. வட மாநிலங்களில் ஒரு மடலை அனுப்ப 3 காசுத் தபால் தலை போதும். பாசறையில் தபால் தலைக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. ஆகவே 1861 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி வீரன் கட்டணம் செலுத்தாமலே மடல் அனுப்பலாம். உறையின் மேல் 'வீரர் மடல்' என்று குறித்து, அதிகாரி ஒருவர் கையொப்பமிட்டால் போதும். கட்டணத்தை மடல் பெறுவோர் செலுத்துவர். தென்னகத்தில் நிலைமை கடினம். 1862 ஜூலை முதல் அங்கு மடலுக்கு 10 காசு. தாள் கிடைப்பதும் அரிதாயிற்று. சுவரில் ஒட்டும் வண்ணத்தாளை வெட்டி உறை செய்தனர். வந்த உறையைப் பிரித்து உட்புறம் வெளியாகத் திருப்பி ஒட்டி மீண்டும் அனுப்பினர். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் தாளைக் குறுக்காகத் திருப்பி, முன்னெழுதிய வரிகளின் மேலேயே எழுதியவரும் உண்டு.

மூன்றாவது, தணிக்கை இன்மை. போர்க் கைதிகளின் மடல்களை அதிகாரிகள் பார்வையிட்டனர். ஆனால் பாசறையிலிருந்து வீட்டுக்குச் சென்ற மடல்களைப் பிரித்துப் பார்த்து வரிகளை அழிக்கும் முறை அன்று வழக்கில் இல்லை. ஆகவே வீரன் தன் தலைவரைக் குறை கூறவும், அச்சத்தை ஒப்புக்கொள்ளவும், சம்பளம் வரவில்லை என்று புலம்பவும் தடையில்லை. பிற்காலத்து உலகப் போர்களின் மடல்களுக்கும் இவற்றுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

சல்லிவன் பல்லூவின் மடல்

இம்மடல்கள் அனைத்திலும் புகழ் மிக்கது சல்லிவன் பல்லூ எழுதியது. இவர் ரோட் தீவு மாநிலத்தவர், வழக்கறிஞர், அம்மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவராகவும் இருந்தவர். 1855இல் சாரா என்னும் மங்கையை மணந்தார். எட்கர், வில்லியம் என இரு ஆண் மக்கள். போர் மூண்டதும் ரோட் தீவின் இரண்டாம் காலாட்படையில் மேஜராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பதுக்குச் சற்று மேற்பட்ட வயது.

1861 ஜூலை 14ஆம் நாள், வாசிங்டன் நகரை அடுத்த பாசறையில் இருந்து அவர் சாராவுக்கு எழுதினார். இன்னும் சில நாள்களில் படை நகரக்கூடும். பிறகு எழுத வாய்க்காமற் போகலாம். ஆகவே இப்போதே எழுதுவதாகத் தொடங்குகிறார். தாம் மேற்கொண்ட போரின் நேர்மையில் தமக்கு ஐயமில்லை என்கிறார். நாட்டு விடுதலைக்காக முன்னோர் சிந்திய குருதிக்குத் தம் தலைமுறை கடன்பட்டிருக்கிறது என்கிறார். அடுத்து, அக்கடனைத் தீர்க்கத் தம் இன்பத்தைத் துறக்கும்போது மனைவியின் இன்பத்தையும் சேர்த்தே துறக்கவேண்டியிருப்பதை எண்ணிக் கலங்குகிறார். இளமையில் தந்தையை இழந்தவர் அவர். அந்தத் துன்பத்தையே தம் மக்களுக்கும் விட்டுச் செல்வதா என்று கேட்டுக்கொள்கிறார். மனைவியின்பால் கொண்ட அன்பு ஒருபுறம் தம்மைப் பிணிக்கிறது. நாட்டின்பால் கொண்ட அன்பு மறுபுறம் தம்மை இழுக்கிறது என்கிறார். தாம் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டுகிறார். இறந்தோர் திரும்பி வர இயலுமாயின், தாம் என்றும் அவர் அருகிலேயே இருப்பதாகக் கூறித் தேற்றுகிறார். இளைய மகனுக்குத் தம் முகம் நினைவிராது என்பதையும் மறவாமல் குறிக்கிறார்.

எழுதி ஒரு வாரம் கழிந்தது. ஜூலை 21ஆம் நாள் வர்சீனியா மாநிலத்தில் புல் ரன் ஆற்றங்கரையில் முதற் பெரும்போர் நடந்தது. பீரங்கிக் குண்டு பல்லூவின் காலைச் சிதைத்தது. காலை வெட்டி எடுத்தும் பயனில்லை. வட படை தோற்றுப் பின்வாங்கியபோது, எழ இயலாத அவர் சட்லி தேவாலயத்தில் பகைவர் வசம் விடப்பட்டார். சில நாள்களில் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1862 மார்ச்சில் ரோட் தீவின் ஆளுநர் வில்லியம் ஸ்பிரேக் அவர் உடலைத் தேடிச் சென்றார். தென் படையினர் கல்லறையைத் தோண்டி உடலை எரித்துவிட்டிருந்ததை அறிந்தார். எஞ்சிய சாம்பலும் எலும்புமே பிராவிடன்சு நகரின் சுவான் பாயிண்ட் கல்லறைத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன.

அம்மடல் தபாலில் சேர்க்கப்படவே இல்லை; அவர் விட்டுச் சென்ற உடைமைகளோடு சாராவின் கைக்கு வந்தது என்பர். மூலத் தாள் இன்று கிடைக்கவில்லை, படியெடுத்தவையே உள்ளன. 1990இல் கென் பர்ன்சு எடுத்த உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் இம்மடலின் சுருக்கம் படிக்கப்பட்டது. அதன்பின் அமெரிக்கர் பலர் இதனை மனப்பாடமாகவே அறிந்தனர்.

சாராவின் குரல்

இனி, கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. இம்மடலுக்குச் சாரா என்ன மறுமொழி எழுதியிருப்பார்? எழுத வாய்ப்பே இல்லை. மடல் கைக்கு வந்தபோது, எழுதியவர் உயிரோடு இல்லை. இருபத்து நான்கு வயதில் கைம்மை எய்திய சாரா அம்மையார் மறுமணம் செய்யவில்லை. 1917இல் காலமாகும் வரை ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கணவர் அருகிலேயே அடக்கமானார். இவ்வளவு நீண்ட மறுமொழியை அவர் வாழ்ந்து காட்டினாரேயன்றி எழுதி வைக்கவில்லை.

பல்லூவின் மடலில் இருவர் வாழ்வு குறித்த முடிவு இருக்கிறது. அம்முடிவை எடுத்தவர் ஒருவரே. அதனை அவரே உணர்ந்திருக்கிறார். அதனால்தான் மன்னிப்பு வேண்டுகிறார். ஆனால் மன்னித்தாரா, சினந்தாரா, போகவேண்டாம் என்று முன்னரே தடுத்தாரா என்பதை மடலின் பேரழகு நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. படிப்போர், உருகிப் படித்து முடித்து, சாரா பெருமிதம் கொண்டிருப்பார் என்று தாமே முடிவு கட்டிவிடுகின்றனர்.

இது சாரா ஒருவருக்கு மட்டும் நேர்ந்த நிலை அன்று. கணவர் எழுதிய மடல்களை மனைவியர் வீட்டுப் பெட்டியில் பாதுகாத்தனர். மனைவியர் எழுதியவை பாசறைக்குச் சென்றன. அங்கே பெட்டி ஏது? தோளில் சுமக்கும் மூட்டை ஒன்றே. மழையில் நனைந்து கிழிந்தவை பல. நெடுந்தூரம் நடக்குங்கால் சுமையைக் குறைக்க எறிந்தவை பல. போருக்கு முன், தாம் இறந்தால் மனைவியின் அந்தரங்கம் பகைவர் கைக்குப் போய்விடுமே என்று அஞ்சி வீரர் தாமே எரித்தவையும் பல. ஆகவே, இன்று காப்பகங்களில் கணவர் மடல் மலைபோல் குவிந்திருக்க, மனைவியர் மடல் சிறு பங்கே எஞ்சியிருக்கிறது. அன்பு குறைவால் நேர்ந்ததன்று இது. இடவசதியின் குறைவால் நேர்ந்தது.

மார்த்தா எழுதிய மடல்

இதற்கு நேர்மாறாக, மனைவியின் மடல் எஞ்சிக் கணவன் மடல் மறைந்த நிகழ்ச்சியும் உண்டு. அதனைப் பல்லூவின் மடலுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தல் வேண்டும்.

மிசோரி என்பது அடிமை முறை நிலவிய மாநிலம்; எனினும் ஐக்கிய நாடுகளை விட்டுப் பிரியாதது. ஆகவே 1863 சனவரியில் லிங்கன் வெளியிட்ட விடுதலை அறிவிப்பு அம்மாநிலத்து அடிமைகளைத் தொடவில்லை. அவ்வாண்டு நவம்பரில், உடையவர் இசைந்தாலும் இசையாவிட்டாலும் அடிமைகளைப் படையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அங்கே ஆணை பிறந்தது. அரசுக்குப் பற்றுடைய உடையவர் 300 டாலர் வரை ஈடு கோரலாம். படையில் சேர்ந்த அடிமை அன்றே விடுதலை பெற்றான். அவன் மனைவியும் மக்களுமோ அடிமைகளாகவே, அதே உடையவனின் சினத்துக்கு ஆளாகித் தங்கினர்.

அவ்வாறு படையில் சேர்ந்தவர் ரிச்சர்டு குளோவர். அவர் மனைவி மார்த்தா, 1863 டிசம்பர் 30ஆம் நாள் மிசோரியின் மெக்சிகோ என்னும் ஊரிலிருந்து அவருக்கு மடல் விடுத்தார். அதில் அணிநயம் எதுவும் இல்லை. நீங்கள் சென்ற நாள் முதல் துன்பமே என்கிறார். சென்றால் இன்னது நேரும் என்று நான் முன்பே சொல்லவில்லையா என்று நினைவூட்டுகிறார். நீங்கள் போன காரணத்துக்காக என்னை ஏசுகின்றனர், பிள்ளைகளைப் பேணமாட்டோம் என்கின்றனர், முந்தாநாள் கொடுமையாக அடித்தனர் என்று எழுதுகிறார். இத்தனை சிறு பிள்ளைகளோடு என்னை இந்நிலையில் விட்டுச் சென்றிருக்கக் கூடாது என்று நேராகவே கடிந்துகொள்கிறார். பிள்ளைகள் எந்நேரமும் உங்களைப் பற்றியே பேசுகின்றனர், விடுப்பு வாங்கிக்கொண்டு ஒருமுறை வந்து போங்கள் என்றும் வேண்டுகிறார்.

மடலின் இறுதியில் வரும் செய்தி ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. மணமான ஆடவரைப் படையில் சேரும்படி கேட்டுக்கொள்ளுமாறு இனி எனக்குச் சொல்லவேண்டாம், நான் படும் துன்பத்தில் பிறரையும் தள்ள மாட்டேன் என்கிறார். இந்த ஒரு வரியால், காணாமற் போன கணவன் மடல் நம் கண்முன் எழுந்து நிற்கிறது. அவர் ஊக்கத்தோடு எழுதியிருக்கிறார். அண்டை அயலிலுள்ள ஆடவரையும் படைக்கு அனுப்புமாறு மனைவியிடம் கேட்டிருக்கிறார். அவர் பாசறையில் கண்ட விடுதலையும், அவர் மனைவி வீட்டில் பட்ட அடியும் ஒரே தாளில் எதிரெதிராக நிற்கின்றன. பல்லூவின் மடலைப் படித்து, சாரா கூறியிருக்கக்கூடியது இதுதான் என்று துணிதல் தவறு. இருவர் நிலையும் வேறு. ஆயினும், மனைவியின் குரல் எஞ்சினால் அது கணவன் குரலின் எதிரொலியாக இராது என்பதை மார்த்தாவின் மடல் மெய்ப்பிக்கிறது.

ஆன் என்னும் மற்றொரு பெண், 1864 சனவரி 19ஆம் நாள் அதே மாநிலத்தின் பாரிசு என்னும் ஊரிலிருந்து தம் கணவர் ஆண்ட்ரூவுக்கு மடல் விடுத்தார். நாளுக்கு நாள் கொடுமை மிகுகிறது, உடுக்கத் துணியில்லை, பணம் அனுப்புங்கள் என்கிறார். என்னை எண்ணி மிகவும் வருந்தவேண்டாம், விரைவில் விடுதலை வரும், பிறகு நாம் ஈட்டுவதெல்லாம் நமக்கே என்று கணவரைத் தேற்றவும் செய்கிறார். நம் சின்னப் பெண்ணுக்கு, உங்கள் நினைவாக ஒரு மணிச்சரம் அடுத்த மடலில் வைத்து அனுப்புங்கள் என்றும் கேட்கிறார்.

எழுத்தறிவு மறுக்கப்பட்டோர்

மிசோரியில் 1847இல் இயற்றிய சட்டம் ஒன்று, கறுப்பினத்தார்க்கு எழுதப் படிக்கக் கற்பிக்கும் பள்ளி நடத்துவதைத் தடைசெய்தது. தென் மாநிலங்கள் பலவற்றிலும் இத்தகைய சட்டங்கள் இருந்தன. ஆதலின் அடிமைகளின் குடும்ப மடல்கள் பலவும் பிறர் கையால் எழுதப்பட்டவை. பிறர் வாயால் படித்துக் காட்டப்பட்டவை. கணவன் மனைவிக்கிடையே மூன்றாமவர் ஒருவர் எப்போதும் இருந்தார். அவர் நல்லவராய் இருக்கவேண்டும். உடையவனிடம் சொல்லாதவராய் இருக்கவேண்டும். ஆன் தம் மடலிலேயே, இனி எவர் வழியாக மடல் அனுப்பலாகாது என்று கணவருக்குக் குறிப்புத் தருகிறார். ஒரு மடல் பத்திரமாக வந்து சேர்வதே அவர்களுக்குப் போராட்டமாக இருந்தது.

இம்மடல்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்கும் அன்பு காரணமன்று, அலுவலகமே காரணம். வீரர் குடும்பங்கள் படும் துன்பத்தை மேலதிகாரிகளுக்கு எடுத்துக்காட்டும் சான்றாக இத்தகையவை படை அலுவலகக் கோப்புகளில் சேர்ந்தன. இன்று ஐக்கிய நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சாமுவேல் கேபிள் என்னும் வீரரின் மடல் எஞ்சிய கதை இன்னும் வியப்பானது. மாசசூசெட்சின் 55ஆம் படையைச் சேர்ந்த அவர், 1863இல் தம் மனைவிக்கு எழுதியபோது, நீ இன்னும் அடிமையாகத்தான் இருக்கிறாயா என்று கேட்டு, அம்முறை நொறுங்கும் நாள் தொலைவில் இல்லை என்று உறுதி கூறினார். அம்மடல், அவருடைய பழைய உடையவன் ஈட்டுத் தொகை கேட்டு அளித்த விண்ணப்பத்தோடு சேர்ந்து கோப்பில் கிடக்கிறது. விடுதலையைப் பாடிய மடலே, அடிமைக்கு விலை கேட்கும் சான்றாகப் பயன்பட்டது.

1865 சனவரி 11ஆம் நாள் மிசோரி அடிமை முறையை ஒழித்தது. அதே ஆண்டு மார்ச் 3ஆம் நாள், கறுப்பின வீரரின் மனைவி மக்கள் எம்மாநிலத்தில் இருந்தாலும் விடுதலை பெற்றவராவர் என்று ஐக்கிய நாடுகளின் பேரவை தீர்மானம் இயற்றியது. மார்த்தா எழுதிய நாளிலிருந்து இதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

மடல் சான்றானது

போரில் இறந்தோர் மனைவியர்க்கு உதவித்தொகை வழங்க 1862 ஜூலை 14ஆம் நாள் சட்டம் இயற்றப்பட்டது. சாதாரணச் சிப்பாயின் மனைவிக்குத் திங்களுக்கு 8 டாலர். அதனைப் பெற, மணம் நடந்ததை மெய்ப்பிக்கவேண்டும். மணப் பதிவேடு இல்லாதோர் சிலர், கணவர் எழுதிய மடல்களையே சான்றாக அனுப்பினர். அவை இன்றும் அக்கோப்புகளில் உள்ளன. தலையணைக்கடியில் வைத்துப் படித்த மடலை உணவுக்காக அரசிடம் ஒப்படைத்த கைம்பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தால், அந்த 8 டாலரின் அருமை விளங்கும். அடிமைகளின் மணத்தைச் சட்டம் மணமாகவே கருதியதில்லை. ஆகவே 1864 ஜூலையில், கறுப்பின வீரர் மனைவியர்க்குத் தனி விதி செய்தனர்: படையில் சேருமுன் ஈராண்டுக்குக் குறையாமல் கணவன் மனைவியாக வாழ்ந்ததை நம்பத்தக்க சாட்சிகளைக் கொண்டு காட்டினால் போதும்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

கடிதம் எழுதுதல் பள்ளிப் பாடத்தில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. முகவரி எங்கே, நாள் எங்கே, விளி எங்கே, முடிப்பு எங்கே என்பதைக் கற்பிப்பதோடு அப்பாடம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கடிதத்தைப் படிக்கக் கற்பிப்பது அதனினும் அரிய பணி. மேலே கண்ட மடல்கள் அதற்கு உதவும்.

உயர் வகுப்பு மாணவர்க்கு மார்த்தாவின் மடற் செய்தியைப் படித்துக் காட்டுக. பின்னர், அவருக்கு ரிச்சர்டு அதற்கு முன் எழுதியிருக்கக்கூடிய மடலை எழுதச் சொல்லுக. கற்பனைக்கு மதிப்பெண் தரவேண்டாம். மாணவன் எழுதும் ஒவ்வொரு வரிக்கும், மார்த்தாவின் மடலில் எந்த வரி ஆதாரம் என்று கேட்டு, ஆதாரம் காட்டியதற்கே மதிப்பெண் தருக. அடுத்த வாரம் பல்லூவின் மடற் செய்தியைக் கொடுத்து, சாராவைப் பற்றி அதிலிருந்து உறுதியாகத் தெரிவன எவை, நாமாக ஏற்றிச் சொல்வன எவை என்று இரு பட்டியல் இடச் செய்க. முதற்பட்டியல் மிகச் சிறியதாக இருக்கும். அதைக் கண்டு மாணவர் வியப்படைவராயின், பாடம் அவர்க்கு விளங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.